மலையேறிய மாவீரரும் மண்ணில் எழுந்த நினைவுச் சின்னங்களும்

நினைவுச் சின்னம் எழுப்புதல் தமிழர்க்குப் புதியதன்று. ஆநிரை மீட்கச் சென்று உயிர்நீத்த மறவனுக்குக் கல்நட்டு வழிபட்ட மரபு நம்முடையது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக, அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகின்றது. செங்கம், தருமபுரிப் பகுதிகளிலும், நாம் வாழும் இச்சித்தூர்ச் சீமையிலும் அத்தகைய வீரக்கற்கள் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் சிறப்பு யாதெனின், அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் எழுத்து அரசனோடு நின்றுவிடுவதில்லை. இறந்தவன் யார், எதன் பொருட்டு இறந்தான் என்பதையும் சொல்லியே முடியும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில், அவனுடன் நின்று கள்ளரை எதிர்த்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. 'கோவிவன்' என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உழைத்த நாயின் பெயரையும் மறவாத கல் அது.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, உலகின் உயர்ந்த மலைகளில் ஏறியோர்க்கு நகரங்களிலும் மலையடிவாரங்களிலும் எழுந்த நினைவுச் சின்னங்களை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. பனிமலையைக் கண்டறியாத இராமகுப்பத்தாராகிய நமக்கும் எவரெஸ்டுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அது நாம் எண்ணுவதைக் காட்டிலும் நெருங்கியது என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

பரங்கிமலையிலிருந்து தொடங்கிய அளவை

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி நிலத்தின்மீது சங்கிலியை நீட்டி அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுடைய அக்கோட்டை அளந்து முடிக்கச் சற்றொப்ப ஆறு வாரங்கள் ஆயின. அக்கோட்டின்மேல் முக்கோணம் ஒன்று, அதனையொட்டி மற்றொன்று என்று அடுக்கிச் சென்ற பேரளவையே பின்னர் இந்தியா முழுவதையும் அளந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. பதினைந்தாம் எண் சிகரம் என்று ஏட்டிற் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் உயர்ந்தது என்றும், அதன் உயரம் 29,002 அடி என்றும் 1856இல் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் கூடி அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. தூரத்தில் நின்று கோணத்தை மட்டும் பார்த்து, கையினாற் கணக்கிட்டோர் முப்பது அடியளவே பிசகினர் எனின், அவர்தம் திறமையை என்னென்பது!

அக்கணக்குகளை இட்ட எழுத்தர் கூட்டத்திற்குத் தலைமைக் கணக்கராக விளங்கியவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. 1831இல் தம் பதினெட்டு வயதளவில் அளவைத் துறையிற் சேர்ந்த அவர், எண்களோடே வாழ்நாளைக் கழித்தவர். ஆனால் மலைக்குச் சூட்டப்பட்டது, 1843இலேயே பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிவிட்ட ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற அளவைத் தலைவரின் பெயர். 2004ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுச் சிக்தாரைச் சிறப்பித்தது. நாள்தோறும் பேரேட்டில் எண்களை எழுதிக் கூட்டி வாழும் நம் போன்ற எழுத்தர்க்கு, இச்செய்தியைப் படிக்கையில் நெஞ்சு சற்றே கனப்பது இயல்பே.

சமோனி நகரத்துச் சிலை

மலையேறியோர்க்கு நகரத்தில் எழுந்த நினைவுச் சின்னங்களுள் புகழ்மிக்கது பிரான்சு நாட்டுச் சமோனி நகரில் உள்ளது. அந்நகரின் தலைக்குமேல் நிற்பது ஆல்ப்சு மலைத்தொடரின் உச்சியாகிய மோன் பிளான். பதினையாயிரத்து எழுநூறு அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. அதன் உச்சிக்கு வழி காண்பவர்க்குப் பரிசு அளிப்பதாக ஜெனீவா அறிஞர் சோசூர் 1760இல் அறிவித்தார். 1786 ஆகஸ்டு 8ஆம் நாள் அவ்வூரைச் சேர்ந்த இருவர் உச்சியை அடைந்தனர். ஒருவர் ஜாக் பால்மா. மலையில் பளிங்குக் கற்களைத் தேடி விற்றுப் பிழைத்தவர். மற்றொருவர் மிஷேல் பக்கார், ஊர் மருத்துவர். அடுத்த ஆண்டில் சோசூரும் ஏறினார்.

1887இல் சமோனியில் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் கை நீட்டி உச்சியைக் காட்ட, மற்றவர் தலை நிமிர்ந்து நோக்குகின்றார். காட்டுபவர் பால்மா, நோக்குபவர் சோசூர். உச்சியில் முதல்நாள் உடன் நின்ற மருத்துவர் பக்காருக்கு அச்சிலையில் இடமில்லை! காரணம் என்ன? பால்மா தம் முதுமையில், வழியெல்லாம் தாமே நடத்தியதாகவும், மருத்துவர் சோர்ந்து விழுந்ததாகவும் கதை சொன்னார். அதனை அலெக்சாண்டர் தூமா என்னும் பெரும் எழுத்தாளர் சுவைபடத் தீட்டி உலகெங்கும் பரப்பிவிட்டார். பக்காரோ அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அன்று அடிவாரத்திலிருந்து தொலைநோக்கியால் இருவரையும் கண்ட ஜெர்மானியப் பிரபு ஒருவர் எழுதி வைத்த குறிப்புகள் பின்னாளில் வெளிவந்தபோதுதான் உண்மை துலங்கியது: இருவரும் மாறி மாறி முன்னின்று ஏறினர், மருத்துவர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். ஏறிய 200ஆம் ஆண்டு நிறைவாகிய 1986இல்தான் பக்காருக்கும் அந்நகரில் தனிச் சிலை எழுந்தது. ஒருவர் பெயரை விட்டுவிட ஒரு கதை போதும். அதனைத் திரும்பச் சேர்க்க நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நெய்யூர் மருத்துவர் அடுக்கிய கற்கள்

இனி, எவரெஸ்டின் அடிவாரத்திற்கு வருவோம். 1922ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குழுவில் ஹோவர்டு சாமர்வெல் என்னும் இளம் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். காலணி செய்யும் தொழிலுடைய குடும்பத்தில் 1890இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தவர். ஓவியம், இசை இரண்டிலும் வல்லவர். மாலரி, நார்ட்டன் என்பாரோடு அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 27,000 அடி உயரம் வரை அவர் ஏறினார். அதுவரை மனிதர் எவரும் கால் வைத்திராத உயரம் அது.

சூன் 7ஆம் நாள் மீண்டும் ஏறும்போது பனிச் சரிவு நேர்ந்தது. கயிற்றில் வந்த சுமைதூக்கும் தோழர்கள் எழுவர் அதில் மடிந்தனர். ஆங்கிலேயர் ஒருவரும் இறக்கவில்லை. இது சாமர்வெல்லின் உள்ளத்தை விட்டு நீங்காத முள்ளாயிற்று. அத்தோழர்களோடு தாமும் அப்பனியிற் கிடந்திருக்கலாகாதா, அவ்வாறாயின் இழப்பில் நமக்கும் பங்குண்டு என்பதை எஞ்சியவர் உணர்ந்திருப்பரே என்ற பொருள்பட அவர் பின்னர் எழுதினார்.

அக்குழு கலைந்த பின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தெற்கே வந்தார். அன்று திருவிதாங்கூரில் இருந்ததும், 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியதுமான நெய்யூரைக் கண்டார். அங்கே 1838இல் தொடங்கிய மருத்துவப் பணியின் வழிவந்த மருத்துவமனையில் நோயாளிகள் திரண்டிருந்தனர்; அறுவை செய்யும் கைகளோ மிகச் சிலவே. இலண்டனில் காத்திருந்த உயர்ந்த பதவியைத் துறந்து, நெய்யூரே தம் இடம் என்று துணிந்தார். அங்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக வயிற்றுப் புண்ணுக்கும், வெற்றிலை புகையிலை மெல்லுவதால் வரும் வாய்ப்புற்றுக்கும் மருத்துவம் செய்தார்.

இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். மே மாத இறுதியில், வடகணவாயின்மேல் தோழர் நால்வர் இறங்க வழியின்றிச் சிக்கிக் கொண்டனர். மாலரியும் நார்ட்டனும் கயிற்றைப் பிடித்திருக்க, சாமர்வெல் பனிச் சரிவைக் குறுக்கே கடந்து சென்றார். கடைசிச் சில அடிகளுக்குக் கயிறு எட்டவில்லை. இருவர் சறுக்கி வீழ்ந்து பள்ளத்தின் விளிம்பருகே தடைப்பட்டனர். உடனே தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒரு கையால் அதன் நுனியைப் பற்றி, மறு கையால் அவர்களைச் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துக் காத்தார். நால்வரும் பிழைத்தனர். 1922இல் இழந்த எழுவரை எண்ணியே இம்மூவரும் தம் உயிரைப் பணயம் வைத்தனர் என்று கருதுவது தவறாகாது. சில நாள்களில், சூன் 4ஆம் தேதி, நார்ட்டன் 28,126 அடி வரை ஏறினார். தொண்டைப் புண்ணால் சாமர்வெல் சற்றுக் கீழே நின்றுவிட்டார். 8ஆம் தேதி மாலரியும் இர்வினும் மேகத்துள் மறைந்தனர். மாலரியின் உடல் 1999இலும், இர்வினின் உடற்பகுதி 2024இலும் கண்டறியப்பட்டன.

ஊர் திரும்புமுன் சாமர்வெல்லும் பீதம் என்னும் தோழரும் முன்னின்று, அடிவார முகாமில் கற்களை அடுக்கி நினைவு மேடை ஒன்றை எழுப்பினர். பலகைக் கற்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1921இல் இறந்த கெல்லாஸ்; 1922இல் பனியில் புதைந்த எழுவர்; 1924இல் மாண்ட மாலரி, இர்வின், ஷம்ஷேர்புன், மன்பகதூர் ஆகப் பன்னிருவர். இவர்களுள் ஷம்ஷேர்புன் கூர்க்கா வீரர். மன்பகதூர் முகாமில் காலணி தைத்தவர். உலகப் புகழ் பெற்ற மாலரியின் பெயரும் காலணி தைத்தவர் பெயரும் ஒரே மேடையில், ஒரே உரிமையோடு பொறிக்கப்பட்டன. அவ்வாண்டுத் தொடக்கத்தில், நாம் முன்னர்க் கண்ட அதே சமோனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில், 1922ஆம் ஆண்டுக் குழுவினர்க்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இறந்த எழுவரும் அச்சிறப்பில் சேர்க்கப்பட்டனர். எடுத்தனூர்க் கல்லின் நெறி இமயத்திலும் நின்றது என்று நாம் மகிழலாம்.

சாமர்வெல் 1949 முதல் 1961 வரை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைத் துறைப் பேராசிரியராயிருந்து மாணவரைப் பயிற்றினார். குப்பம் நிலையத்தில் காட்பாடிக்குச் சீட்டு வாங்குவோருள் எத்தனையோ பேர் வேலூர் ஆஸ்பத்திரிக்குச் செல்பவர் என்பதை இப்பகுதியார் அனைவரும் அறிவோம். நம்மவர் படுக்கும் அம்மருத்துவமனையில் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்த கைகளுள் ஒன்று, எவரெஸ்டின் சரிவில் நால்வரை இழுத்துக் காத்த கை. இதுவே நாம் மேலே சொன்ன நெருங்கிய தொடர்பு. 1975இல் மறைந்த அவர் பெயரை, தமிழக எல்லையை ஒட்டிய காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கி நிற்கின்றது.

டார்ஜிலிங்கில் ஒரு மலைமகன்

நம் நாட்டில் மலையேறியோர்க்கு நகரத்தில் நின்று ஒளிரும் நினைவிடம் எது எனின், டார்ஜிலிங் என்றே சொல்லவேண்டும். அந்நகருக்கு இட்டுச் செல்லும் இரண்டடி அகலப் பாதை, 1881இல் ஊரை எட்டியது. கூம் நிலையம் 7,407 அடி உயரத்தில் உள்ளது. மலைச்சரிவில் வளைந்தும் பின்னோக்கி நகர்ந்தும் ஏறும் அச்சிறு வண்டியை யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. நமது நீலகிரி மலை இரயில் 2005இல் அச்சிறப்பைப் பெற்றது. இரயில்வே ஊழியராகிய நாம் இதனைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுவதை அன்பர்கள் பொறுத்தருள்க.

டார்ஜிலிங், சுமை தூக்கப் பிழைப்பு நாடி வந்த ஷெர்பாக்களின் நகரம். பதினெட்டு வயதளவில் அவ்வாறு வந்து சேர்ந்தவரே டென்சிங் நார்கே. எழுதப் படிக்க அறியாதவர். 1935இல் ஒரு குழுத் தலைவரின் கண்ணிற்பட்டுச் சுமைகாரராக எவரெஸ்டுக்குச் சென்றார். பலமுறை சென்று மீண்டபின், 1953 மே 29ஆம் நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்கு, எட்மண்டு ஹில்லாரியுடன் உச்சியில் நின்றார். அவரது பனிக்கோடரியில் ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகிய நான்கு கொடிகள் பறந்தன.

இறங்கி வந்தவுடன் ஊரார் கேட்ட கேள்வி ஒன்றே: 'முதலில் கால் வைத்தவர் யார்?' ஹில்லாரி என்பாரும் டென்சிங் என்பாரும் இரு கட்சியாயினர். இருவரும் ஏறத்தாழ ஒருங்கே எட்டினோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். பின்னர் 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் தாமே உண்மையைச் சொன்னார்: முதலில் ஹில்லாரி, அடுத்து நான். சமோனியில் பால்மா செய்யாததை டார்ஜிலிங்கில் டென்சிங் செய்தார். தமக்குச் சாதகமான புகழைத் தாமே தள்ளிவைப்பது உச்சி ஏறுவதினும் அரிய செயல் அன்றோ!

1954 நவம்பர் 4ஆம் நாள் பண்டித நேரு அந்நகரில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். களப்பயிற்சிக்குத் தலைவர் டென்சிங். நிலையத்தின் முதல் முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். ஜயால் 1958இல் சோ ஓயு மலையில் உயிர்நீத்தார். டென்சிங் 1986 மே 9இல் மறைந்தார். அவருடல் அந்நிலையத்து வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தருகே அவரது சிலை இமயத்தை நோக்கி நிற்கின்றது. பக்கத்திலேயே அருங்காட்சியகம், அதில் கயிறும், கோடரியும், காலணியும், கருவியும். ஆண்டுதோறும் அங்கு இளைஞர் பயிற்சி பெறுகின்றனர். சிலை மட்டும் நின்று, பணி நின்றுபோன இடம் அன்று அது. சிலையும் நின்று பணியும் நடக்கும் இடம்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு டென்சிங்குக்குச் சிலை எழுந்தது. பெயர் பரவாத டென்சிங்குகள் எத்தனை பேர்! 1934இல் நங்க பர்வதத்தில் புயலிற் சிக்கிய ஜெர்மானியத் தலைவர் மெர்க்கலை விட்டு இறங்கிப் பிழைக்க வாய்ப்பிருந்தும், அவரருகிலேயே தங்கி உயிர்விட்டார் கைலே என்னும் ஷெர்பா. அந்த ஒரு புயலில் மட்டும் ஷெர்பாக்கள் அறுவர் மாண்டனர். இவர்களை நினைக்காமல் டென்சிங் சிலையை மட்டும் வணங்கிவிட்டு வருவோமாயின், சமோனியார் பக்காரை மறந்ததற்கும் நாம் செய்வதற்கும் வேற்றுமை யாது?

நம்மவர் ஏறிய உச்சிகள்

மலையேற்றம் பனிநாட்டார்க்கே உரியதென்று எண்ணவேண்டா. 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்டை அடைந்த முதல் மலேசியர் இருவர், மகேந்திரன், மோகனதாஸ் என்பார். கடல் கடந்து குடியேறிய இந்திய வழியினர். நம் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த மல்லி மஸ்தான் பாபு, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் 2006இல் 172 நாள்களில் ஏறி முடித்தார். 2015இல் ஆண்டீஸ் மலையில் உயிர்நீத்தார். அவருடல் கடல் கடந்து சொந்த ஊருக்கே கொணரப்பட்டு, அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 2023இல் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டில் ஏறித் தமிழ்நாட்டுப் பெண்களுள் அவ்வுச்சியை முதலில் அடைந்தவரானார்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி இங்கு வந்து வாழும் தமிழராகிய நாம், சங்கம் கண்டுள்ளோம். நாளை மண்டபமும் காண்போம். அன்று வாசலில் கல்வெட்டு வைப்போம். அதில் பொருளுதவி செய்தோர் பெயர் இருக்கும். திறந்து வைத்த பெரியார் பெயரும் இருக்கும். இருக்க வேண்டுவதே. ஆயின் அஸ்திவாரம் தோண்டியவர், சித்தாள் வேலை செய்த தாய்மார், கல் சுமந்தவர், கொத்தனார், தச்சர் ஆகியோர் பெயர்களும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது நமது விண்ணப்பம். அவர்களுள் தெலுங்கு பேசுவோர் பெயரும் விடுபடலாகாது. கல்லில் இடம் போதாதென்று எவரேனும் சொல்வாராயின், கல்லைப் பெரிதாக வாங்குவோம். அதற்கு ஆகும் செலவில் நமது ஒரு மாதச் சம்பளத்தை இப்பொழுதே ஏற்றுக்கொள்கின்றோம்.